முப்பத்தி மூணு பைசா வட்டி

(ஆம்பூரில் தோழர்களும் மாணவர்களும் கூடிய ஒரு மாலைநேர வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே, என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. நான்தான் வட்டியைப் பத்திப் பேசுறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். பத்து வருஷத்துக்கு மேல வங்கியில் எழுத்தராக உக்காந்திருக்கேன். நம்ம இலக்கியத்துல தோல் ஷாப்பு நாத்தம் இருக்கு, பாலாறு இருக்கு, சாவுமேளம் இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு சைக்கிள்லயோ பைக்லயோ சேரிக்குள்ள நோட்டோட வர்றானே தண்டல்காரன், அவன் அதிகமா இல்ல. அவன் இல்லாம நம்ம தெருவுக்கு ஒருநாள்கூட முடியறதில்ல.

முதல்ல ஒரு கணக்கு. இது தெரியாமப் பேசினா பேச்சு காத்துல போயிடும். 10,000 ரூபா தண்டல் வாங்குறோம். கையில குடுக்கறது 8,500. ஒரு நாளைக்கு 100 ரூபா வீதம் 100 நாள் கட்டணும். வட்டி எவ்வளவுன்னு கேட்டா, படிச்ச பசங்களே பதினஞ்சு சதவீதம்னு சொல்றாங்க. தப்பு. வாங்கின மறுநாளே திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சிடறோம். அம்பதாவது நாள் பாதிப் பணம் போயிடுச்சு. அப்போ அந்த 100 நாளும் சராசரியா நம்ம கையில நின்ன அசல் ஏறக்குறைய 4,500 ரூபாதான். அந்த 4,500க்கு 100 நாளைக்கு 1,500 வட்டி. வருஷத்துக்குப் போட்டா 120 சதவீதம். நம்ம ஊர்ப் பாஷையில பத்து வட்டி. மாசம் நூத்துக்குப் பத்து ரூபா. ‘பத்து வட்டிக்கு எவனாவது வாங்குவானா’ன்னு கேக்கற அதே வாய்தான் தண்டல் வாங்கிட்டு ‘சின்னக் கடன்தானே’ன்னு சொல்லுது.

வங்கிக்காரன் வருஷத்துக்குச் சதவீதம்னு சொல்றான். நம்ம சனம் மாசத்துக்கு எத்தனை ரூபா வட்டின்னு கேக்குது. இந்த ரெண்டு பாஷையும் ஒன்னுக்கொன்னு பேசிக்கிறதே இல்ல. பெயர்த்துச் சொல்றேன், எழுதிக்குங்க. 12 சதவீதம்னா ஒரு வட்டி. 24 சதவீதம்னா ரெண்டு வட்டி. 9 சதவீதம் முக்கா வட்டி, எழுபத்தஞ்சு பைசா. 7 சதவீதம் அம்பத்தெட்டு பைசா. 4 சதவீதம் முப்பத்தி மூணு பைசா.

முப்பத்தி மூணு பைசா வட்டியான்னு சிரிக்கிறீங்க. இருக்கு தோழர்களே. 1972லிருந்து இருக்கு. 1969ல பதினாலு வங்கிகளை அரசுடைமை ஆக்கினாங்க. மூணு வருஷம் கழிச்சு, பரம ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன்னு ஒரு திட்டம் வந்தது. மாறுபட்ட வட்டித் திட்டம், டி.ஆர்.ஐ.ன்னு வங்கியில சொல்லுவோம். ஒரு வங்கி போன வருஷம் குடுத்த மொத்தக் கடன்ல ஒரு சதவீதம் இதுக்குப் போகணும். அதுல நூத்துக்கு நாற்பது பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குப் போகணும். மத்தவங்களுக்கு நிலம் இவ்வளவுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு வரம்பு உண்டு. நமக்கு அந்த வரம்பும் கிடையாது. (நிலம் எங்க இருக்குன்னு கேக்காதீங்க. விதியைச் சொல்றேன்.)

அப்புறம் ஏன் யாருக்கும் தெரியல? வருமான வரம்பைப் பாருங்க. கிராமத்துல குடும்பத்துக்கு வருஷ வருமானம் 18,000, நகரத்துல 24,000. அதுக்கு மேல இருந்தா தகுதி இல்ல. மாசம் ரெண்டாயிரத்துல குடும்பம் நடத்தறவங்க ஆம்பூர்ல யாரு? தோல் ஷாப்புல கூட்டிப் பெருக்கறவங்ககூட அதைத் தாண்டிடுவாங்க. கடனும் அதிகபட்சம் 15,000தான். அதாவது திட்டத்தை யாரும் ஒழிக்கல. விலைவாசி ஏற ஏற வரம்பை மட்டும் ஏத்தாம விட்டுட்டாங்க, அது தானா செத்துப் போச்சு. ஒரு மாநாட்டுல ஒரு தீர்மானம் போடணும்னா இந்த வரம்பை உயர்த்தச் சொல்லிப் போடலாம். நான் போன எந்த மாநாட்டுலயும் அது வரல.

கடனுக்கும் விடுதலைக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு தோழர் வாசல்லயே கேட்டார். என் நைனா கதையைச் சொல்றேன்.

நைனா தோல் ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில வேலை. கையெல்லாம் வெந்து போயிருக்கும், சோறு பிசைஞ்சா எரியும்னு ஸ்பூன் கேப்பார். அக்கா வயசுக்கு வந்தப்போ சடங்குக்குன்னு ஷாப்புல அட்வான்ஸ் வாங்கினார். பக்கத்துல இன்னொரு ஷாப்புல கூலி அதிகம். போக முடியல. அட்வான்ஸ் தீரணும். தீர்றதுக்குள்ள ஆயாவுக்கு உடம்பு சரியில்ல, இன்னொரு அட்வான்ஸ். சங்கத்துக்காரங்க வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிட்டப்போ வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டார். சின்னப் பையன் நான், அவரைக் கோழைன்னு நெனச்சேன். ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

பின்னாடி 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைப் படிச்சேன். முன்பணம் வாங்கின காரணத்தால ஒருத்தர் வேற வேலைக்குப் போற உரிமையை இழந்தா அதுவும் கொத்தடிமை முறைதான்னு அந்தச் சட்டம் சொல்லுது. சங்கிலியும் சவுக்கும் வேணும்னு இல்ல. அப்படிப்பட்ட கடன் செல்லாது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லன்னும் சொல்லுது. நைனாவுக்கு அதைச் சொல்றதுக்கு நான் பட்டதாரி ஆகவேண்டியிருந்தது. ஆனப்போ அவர் இல்ல.

பீடியும் அதே கதைதான். 1996ல மனித உரிமைக் கண்காணிப்பகம்னு ஒரு சர்வதேச அமைப்பு இந்தியாவின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பத்தி ஒரு அறிக்கை போட்டாங்க. அதுல நம்ம வட ஆற்காட்டுப் பீடிக் குழந்தைங்க வர்றாங்க. பெத்தவங்க வாங்கின சின்னக் கடனுக்கு ஈடா உக்கார வெச்ச பசங்க. அன்னிக்கு அந்த வீட்டுக்கு நியாயமான வட்டியில பணம் குடுக்க ஒரு இடம் இருந்திருந்தா அந்தப் பசங்க பள்ளிக்கூடத்துல இருந்திருப்பாங்க. அதனாலதான் நான் கடனைப் பத்திப் பேசறேன்.

இது புதுசா நான் கண்டுபிடிச்சதும் இல்ல. 1920கள்ல சென்னை மாகாணத்து லேபர் டிபார்ட்மென்ட் நம்ம சனங்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைச்சு வீட்டுமனைக்குக் கடன் குடுத்தது. பண்ணையார் மனையில குடிசை போட்டவன் பண்ணையாரை எதிர்த்துப் பேசினா குடிசையைப் பிரிச்சுடுவான். சொந்த மனை இருந்தா பிரிக்க முடியாது. அதனாலேயே அதுக்கு எதிர்ப்பும் இருந்தது. டாக்டர் அம்பேத்கர் பணத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கினவர், ‘ரூபாயின் பிரச்சினை’ 1923ல வந்த புத்தகம். 1930கள்ல பம்பாய் சட்டமன்றத்துல இருந்தப்போ வட்டித் தொழிலைக் கட்டுப்படுத்த மசோதாவே எழுதினார். நாம அவர் படத்துல கையில இருக்கற அரசியல் சட்டத்தை மட்டும் பாக்கறோம்.

இப்போ என் கவுண்டருக்கு வர்றேன். இது எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி.

எங்க ஊர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு அக்கா. வீட்டுல உக்காந்து ஷூவுக்கு மேல்பாகம் கையால தைக்கிறவங்க. இந்த வேலையைப் பத்தி உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. வெளிநாட்டுல போற ஷூ, தைச்சவங்களுக்கு ஜோடிக்குச் சில ரூபா, பி.எஃப். இல்ல, இ.எஸ்.ஐ. இல்ல, கம்பெனி கேட்டுக்குள்ள போற பாஸ்கூட இல்ல. அந்தக்கா ஒரு தோல் தைக்கிற மிஷின் வாங்கறதுக்காக தாட்கோ மூலமா மனுப் போட்டு, அது நான் வேலை செஞ்ச கிளைக்கு வந்தது. மேனேஜர் ‘அடுத்த வாரம் வாம்மா’ன்னார். அடுத்த வாரம் ‘ஃபீல்டு ஆபீசர் லீவு’. அதுக்கடுத்து ‘டார்கெட் முடிஞ்சு போச்சு’. ஆறு தடவை வந்தாங்க. ஆறு நாள் ஊசி பிடிக்கல. ஆறு நாள் பஸ் காசு. ஏழாவது தடவை என் கவுண்டருக்கு நேரா வந்து சொன்னாங்க: “தம்பி, தண்டல்காரன் எங்கூட்டுக்கு வந்து உக்காந்து பேசறான். நீங்க நிக்க வெச்சே அனுப்பறீங்க.”

நான் குனிஞ்சு டோக்கன் எண்ணிக்கிட்டிருந்தேன். கோட்டாவுல வந்தவன்னு என்னை முதுகுக்குப் பின்னால பேசறவங்க நாலு பேர் அந்த ஹாலுக்குள்ள உக்காந்திருந்தாங்க. நான் வாயைத் திறக்கல. அந்தக்கா போய் தண்டல் வாங்கினாங்க. அதைக் கட்ட ஒரு குழுக் கடன். அதைக் கட்ட இன்னொரு குழு.

அன்னிக்கு எனக்கு ஒரு விதி தெரியாது. வங்கியில இருந்துக்கிட்டே தெரியாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான கடன் வசதிகள் பத்தி ரிசர்வ் வங்கி வெளியிடற சுற்றறிக்கை ஒன்னு இருக்கு. அதுல தெளிவா எழுதியிருக்கு: நம்ம மனுவைக் கிளை அளவுல நிராகரிக்கக் கூடாது. அதுக்கு மேல இருக்கற அலுவலகம்தான் நிராகரிக்கலாம். காரணத்தைத் தெளிவா எழுதணும். அரசுத் திட்டக் கடனுக்கு ‘முதல்ல டெபாசிட் போடு’ன்னு கேக்கக் கூடாது. கடன் மனு யார் குடுத்தாலும் பெற்றுக்கொண்டதுக்கு ஒப்புகை குடுக்கணும்.

அதனாலதான் எந்த மேனேஜரும் ‘இல்ல’ன்னு சொல்றதில்ல. கவனிச்சிருக்கீங்களா? ‘அடுத்த வாரம்’தான். ‘இல்ல’ன்னு சொன்னா எழுதணும், எழுதினா மேல அனுப்பணும். ‘அடுத்த வாரம்’ எந்த ரிஜிஸ்தர்லயும் ஏறாது. தீண்டாமை நம்ம டீக்கடையில தனிக் கிளாஸா இருந்தது. வங்கியில அது ‘அடுத்த வாரமா’ இருக்கு.

அடுத்த தடவை லோடு ஆட்டோ வாங்க ஒரு பையன் வந்தான். மனு வாங்கினவுடனே தேதி போட்டு, சீல் வெச்சு, ஒப்புகை குடுத்துட்டேன். மேனேஜர் உள்ள கூப்பிட்டு, “நீ பேங்க் ஆளா, அவங்க ஆளா?”ன்னார். நான் பதில் சொல்லல. சொல்லியிருக்கணும். ஆனா சீல் விழுந்துடுச்சு. மனு மேல போச்சு. நாலு மாசம் கழிச்சு, கேட்டதைவிடக் குறைச்சலா, கடன் வந்தது. அந்தக்காவுக்கு மறுபடியும் மனுப் போட்டோம். எழுத்துல காரணம் வந்தது: சிபில் ஸ்கோர் இல்ல. ரெண்டு குழுக் கடன் தவணை தவறினது அதுல ஏறியிருந்தது. நான் வாயைத் திறக்காத அன்னிக்கு ஆரம்பிச்ச கணக்கு அது.

குழுன்னு சொல்றப்போ ரெண்டைக் கலக்காதீங்க. மகளிர் சுய உதவிக் குழு ஒன்னு. 1989ல தருமபுரியில தொடங்கி மாநிலம் பூரா பரவினது, பெண்கள் தாங்களே சேமிச்சு, தங்களுக்குள்ள கடன் குடுத்து, அப்புறம் வங்கிக்குப் போறது. மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனி கட்டற குழு வேற. அங்க சேமிப்பு இல்ல, கடன் மட்டும்தான். ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க கட்டணும். அதனால ஒரு தெருப் பொம்பளைங்களே இன்னொருத்தி வீட்டு வாசல்ல போய் உக்காந்து மானத்தை வாங்கறாங்க. வசூலிக்கறவன் வேலையை நம்ம அக்கா தங்கச்சிங்களே சம்பளம் இல்லாம செஞ்சு குடுக்கறாங்க. 2010ல ஆந்திரத்துல தற்கொலைகள் நடந்து, அவசரச் சட்டம் போடற நிலைக்கு வந்தது இந்தத் தொழில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 40,000 ரூபா, ரெண்டு வருஷம், மாசத் தவணை. கம்பெனி 24 சதவீதம் போட்டா வட்டி மட்டும் சுமார் 10,750. சுய உதவிக் குழுவுக்கு வங்கி குடுக்கற கடன்ல மூணு லட்சம் வரைக்கும் 7 சதவீதம்தான். அதே 40,000க்கு வட்டி சுமார் 3,000. பத்து லட்சம் வரை ஈடு கேக்கக் கூடாது, குழுவோட சேமிப்பையும் பிடிச்சு வைக்கக் கூடாது. ஒரே தெரு, ஒரே பொம்பளை, வித்தியாசம் 7,750 ரூபா.

இதைவிட எரிச்சலான விஷயம் ஒன்னு இருக்கு. வங்கிகள் தங்க கடன்ல 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைக்குக் குடுக்கணும். அதுக்குள்ள நலிந்த பிரிவினருக்குன்னு ஒரு பங்கு உண்டு. நாம அதுல வர்றோம். இதை நேரடியாக் குடுக்க வங்கிக்குச் சோம்பல். அதனால மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மொத்தமாக் கடன் குடுக்குது. கம்பெனி அதை ஏழைகளுக்குக் குடுத்தா, வங்கி அதை முன்னுரிமைக் கடன்னு கணக்குக் காட்டிக்கலாம். அப்போ நம்ம பேர்ல ஒதுக்கின பணம், நமக்கு ‘அடுத்த வாரம்’னு சொன்ன அதே வங்கியிலிருந்து, கம்பெனி வழியாச் சுத்தி, ரெண்டு வட்டியா நம்ம வாசலுக்கு வருது. நம்ம சேரியில வட்டி கட்டற ஒவ்வொரு பொம்பளையும் ஏதோ ஒரு வங்கியோட சமூகநீதிக் கணக்கை நிரப்பிக்கிட்டிருக்கா.

2022 ஏப்ரல்லருந்து இந்தக் கடனுக்குப் புது விதி. வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துட்டாங்க. அது அவங்களுக்கு. நமக்கும் கொஞ்சம் இருக்கு: குடும்பத்து மாத வருமானத்துல பாதிக்கு மேல தவணை போற மாதிரி கடன் குடுக்கக் கூடாது, முன்கூட்டியே கட்டினா அபராதம் கிடையாது, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு தாள்ல எழுதித் தரணும், காலை 9 மணிக்கு முன்னாலயும் மாலை 6 மணிக்கு அப்புறமும் வசூலுக்கு வரக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு வந்து உக்கார்றவனை வீடியோ எடுங்க, அனுப்புங்க. ரிசர்வ் வங்கிக்குப் புகார் எண் 14448.

கந்துவட்டிக்கு 2003லேயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு பேர் சொல்லியே தடை பண்ணியிருக்கு; மூணு வருஷம் வரை சிறை. ஆனா 2017 அக்டோபர் 23ஆம் தேதி திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்துல, திரும்பத் திரும்ப மனுக் குடுத்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, ரெண்டு பச்சைக் குழந்தைகளோட தீக்குளிச்சார். நாலு பேரும் செத்தாங்க. சட்டம் வந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. 2025ல கட்டாய வசூலைத் தடுக்க இன்னொரு சட்டமும் வந்திருக்கு. சட்டத்தை வேணாம்னு சொல்லல. தண்டல்காரனைப் பிடிச்சு உள்ள போட்டா மறுநாள் காலையில ஆஸ்பத்திரிக்கு 5,000 ரூபா யார் குடுப்பான்னு அந்த வீட்டுல கேப்பாங்க. அதுக்கு நம்மகிட்ட பதில் இருக்கணும்.

பதில்ல பாதி ஏற்கெனவே இருக்கு. ஷூ கம்பெனியில பி.எஃப். பிடிக்கிற தங்கச்சிங்க எத்தனை பேர் வைத்தியத்துக்கு அதுல முன்பணம் எடுக்கலாம்னு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க? அது கடனே இல்ல, நம்ம காசு. வட்டி இல்ல, திருப்பிக் கட்டவும் வேண்டாம். மாமியாருக்கு ஆபரேஷன்னு பத்து வட்டிக்கு வாங்கின ஒரு பொண்ணோட பி.எஃப். கணக்குல அறுபதாயிரம் தூங்கிக்கிட்டிருந்தது. ஆதார்ல ஒரு பேரு, பி.எஃப்.ல ஒரு பேரு. அதைத் திருத்த யாரும் உதவி பண்ணல, அவ்வளவுதான். காதுல மூக்குல இருந்தா அடகுக் கடைக்குப் போகாம கூட்டுறவு வங்கிக்குப் போங்க. இதை அதிகம் சொல்லல, நம்மகிட்ட இருக்கறது குந்துமணித் தங்கம்.

தொழில் செய்யணும்னா தாட்கோ. 1974ல வீடு கட்டறதுக்குன்னு தொடங்கின நிறுவனம். 2023லிருந்து முதலமைச்சர் பேர்ல வந்த திட்டத்துல 35 சதவீதம், அதிகபட்சம் மூணரை லட்சம் மானியம், அது போக 6 சதவீத வட்டி மானியம். வங்கி 11 சதவீதம் போட்டாலும் ஒழுங்காக் கட்டினா நம்ம பங்கு 5தான். மானியத்துல பங்கு கேக்கற புரோக்கர் வாசல்லயே நிப்பான். மனு ஆன்லைன்ல நாமே போடலாம், அவன் தேவையே இல்ல.

இங்க ஒரு சிக்கல். நம்ம பக்கம் ஒரே தெருவுல பாதி வீட்டுல சிலுவை, பாதி வீட்டுல மாரியம்மன். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரானா பட்டியல் சாதி இல்ல, தமிழ்நாட்டுல பிற்படுத்தப்பட்டோர். தண்டல்காரன் ரெண்டு வீட்டுக்கும் ஒரே வட்டிதான் போடறான். சிலுவை வீட்டுக்காரங்க டாம்கோவுக்கு, சிறுபான்மையினர் கழகத்துக்கு, மனுப் போடணும். அவங்களை விட்டுட்டு நாம இந்த வேலையைச் செய்யக் கூடாது.

சில தோழர்கள் கேப்பாங்க: மலிவா கடன் கிடைச்சா போதுமா, கூலி உயர்வு வேணாமா? வேணும். நம்ம கடன் பெரும்பாலும் தொழிலுக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, சாவுக்கு. கூலி சரியா இருந்தா பாதிக் கடன் இருக்காது. ஆனா கூலி கேட்டு நிக்கறவன் நாலு நாள் வீட்டுல உக்கார முடியணும். தினம் 100 ரூபா தண்டல் கட்டறவனால ஒரு நாள்கூட முடியாது. என் நைனாவால முடியல.

பெரிசா ஒன்னும் கேக்கல. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில இதே இடத்துல உக்காருவோம். மாணவர்கள் ஆளுக்கு ஒரு தெரு எடுத்துக்குங்க. வீடு வீடா யார்கிட்ட என்ன கடன், எத்தனை வட்டின்னு நம்ம ரூபா-பைசா பாஷையிலேயே எழுதிக்கிட்டு வாங்க. பேர் வெளிய போகக் கூடாது, கவனம். சிபில் அறிக்கை வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். போன்லயே எடுத்துடலாம், நான் காட்டித் தர்றேன். சாதிச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு ரெண்டு ரெண்டு நகல். மனுவும் ரெண்டு படி; ஒன்னு வங்கிக்கு, ஒன்னுல அவங்க சீல். வங்கிக்குத் தனியாப் போகாதீங்க, பத்துப் பேராப் போங்க. எந்தக் கிளைன்னு முன்கூட்டியே என்கிட்ட சொல்லுங்க. என் கிளையா இருந்தாலும் சொல்லுங்க. அந்தக்காவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு குழுக்காரங்ககிட்டயும் என்னென்ன தாள் வாங்கி வெச்சிருக்காங்களோ எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.